உப்புக்காற்றும் உத்தரமும்

நுழையும்முன்

கடலோர ஊர்களில் கூரையின் அடிப்பகுதி வெடித்துக் காரை பெயர்ந்து விழுவதையும், உள்ளிருக்கும் கம்பி துருவேறி வெளியே தெரிவதையும் பலரும் கண்டிருப்பர். துருப்பிடிக்கும் கம்பிக்கு மாற்றாகத் துருவே பிடிக்காத கம்பி ஒன்று கிடைத்துவிட்டால் இச்சிக்கல் முற்றும் தீர்ந்துவிடுமா? ஒரு பொருளின் இடத்தில் மற்றொரு பொருளை வைக்கும்போது பழைய குறை நீங்கலாம். புதிய பண்புகளும் உடன் வந்து சேரும். அவற்றை அறிந்து செய்யும் மாற்றமே பயன்தரும் என்பதை இழைவலுவூட்டிய பலபடிக் கம்பிகளின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

தேங்காய்த்திட்டின் உப்புக்காற்று

புதுச்சேரி நகரின் தென்பகுதியில், அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்துள்ள ஊர் தேங்காய்த்திட்டு. நீர் சூழ்ந்த மேட்டுநிலத்தைத் திட்டு என்பது தமிழ் வழக்கு. உவர்நீரில் வேரூன்றி நிற்கும் அலையாத்தி மரங்களும் மீன்பிடித் துறைமுகமும் இவ்வூரின் அடையாளங்களாக விளங்குகின்றன.

மீன்பிடித் துறைமுகம் ஒன்றிற்குப் படகுகள் அணையும் துறைமேடை, மீனை இறக்கி ஏலமிடும் கூடம், வலை பின்னும் கூடம் எனப் பல கட்டுமானங்கள் தேவைப்படுகின்றன. இவை அனைத்திலும் தூண்களும் உத்தரங்களும் தளங்களும் உண்டு. அவற்றின்மீது உப்புநீர் தெறிக்கிறது, உப்புக்காற்று வீசுகிறது, அலை ஏறி இறங்குவதால் ஒரே பகுதி நனைந்தும் உலர்ந்தும் மாறி மாறி நிற்கிறது. கட்டுமானத்திற்கு இதனினும் கடுமையான சூழல் அரிது. துறைமேடையின் ஓர் உத்தரம் பழுதுற்றால் அதனை நம்பிப் படகைக் கட்டும் குடும்பங்களின் அன்றாட வாழ்வும் தடைப்படும். எனவே அந்த உத்தரத்திற்குள் எத்தகைய கம்பி இருக்கிறது என்னும் வினா அவர்களின் வாழ்வோடும் தொடர்புடையதாகும்.

கடலோரக் கட்டுமானங்கள் என்றும் நிலைப்பதில்லை என்பதற்குப் புதுச்சேரியின் கப்பல் துறைப் பாலங்களே சான்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அமைக்கப்பட்ட இரும்புப் பாலம் 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. பின்னர்க் கட்டப்பட்டு 1960களில் பயன்பாட்டிற்கு வந்த பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச் மாதத்தில் கடல் சீற்றத்தின்போது இடிந்து விழுந்தது.

கல்லும் கம்பியும் இணைந்த கதை

கான்கிரீட் எனப்படும் கற்காரை, சிமெண்டு, மணல், சல்லி, நீர் ஆகியவற்றின் கலவை. இது இறுகியபின் கல்லைப் போன்றது. அமுக்கினால் நன்கு தாங்கும். இழுத்தால் எளிதில் வெடிக்கும். இழுவிசையைத் தாங்கும் திறன் அதற்கு அமுக்கத்தைத் தாங்கும் திறனில் பத்தில் ஒரு பங்கு அளவே உண்டு.

இரு சுவர்களின்மேல் கிடத்திய உத்தரம் ஒன்றின் நடுவே சுமையேற்றினால் அது சற்றே கீழ்நோக்கி வளைகிறது. அப்போது அதன் மேற்பகுதி அமுக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. அமுக்கமும் இழுவையும் இல்லாத இடை எல்லையை நடுநிலை அச்சு என்பர். கீழ்ப்பகுதியில் எழும் இழுவிசையைத் தாங்கவே எஃகுக் கம்பிகள் வைக்கப்படுகின்றன. பிரெஞ்சு நாட்டுத் தோட்டக்கலைஞர் ஜோசப் மோனியே, கம்பி வலையைக் கற்காரையில் பொதித்துச் செடித்தொட்டிகள் செய்து 1867ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அந்நுட்பம் பின்னர்ப் பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் பரவியது. 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களில் முடிக்கப்பட்ட புதுச்சேரியின் கோல்கொண்டே இல்லம், இந்தியாவின் முன்னோடிக் கற்காரைக் கட்டடங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அதனை வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட்.

எஃகும் கற்காரையும் நல்ல இணைகள். வெப்பத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிகின்றன. கற்காரையின் காரத்தன்மை எஃகின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உருவாக்கித் துருவைத் தடுக்கிறது. புதிய கற்காரையின் அமில காரக் குறியீடு 12.5க்கும் மேற்பட்டது. அந்நிலை நீடிக்கும்வரை உள்ளிருக்கும் கம்பிக்குத் துன்பம் இல்லை.

துரு செய்யும் பிளவு

கடலோரத்தில் அந்நிலை நீடிப்பதில்லை. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் கற்காரையின் நுண்துளைகள் வழியே மெல்ல உட்புகுந்து கம்பியை அடைகின்றன. போதிய அளவு சேர்ந்தவுடன் காப்புப் படலத்தை ஆங்காங்கே துளைக்கின்றன. ஈரமும் ஆக்சிஜனும் அங்கே சேர, துரு தோன்றுகிறது. துருவானது, தான் தோன்றிய இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். இடம் போதாத துரு சுற்றியுள்ள கற்காரையை உள்ளிருந்து நெருக்கிப் பிளக்கிறது. பிளவின் வழியே மேலும் உப்பும் நீரும் புகுகின்றன. இவ்வாறு நோயே நோய்க்கு வழிதிறந்து விடுகிறது.

இதனைத் தள்ளிப்போட இந்தியத் தரக்கோவையான ஐ.எஸ். 456, கம்பிக்கும் வெளிப்பரப்பிற்கும் இடையே இருக்க வேண்டிய கற்காரைப் போர்வையின் கனத்தைச் சூழலுக்கேற்ப வரையறுக்கிறது. பாதிப்பில்லா உள்ளிடங்களில் 20 மி.மீ. போதும், கடல்நீர் தெறிக்கும் பகுதியில் 50 மி.மீ., அலை ஏறி இறங்கும் பகுதியில் 75 மி.மீ. வேண்டும். போர்வை தடித்தால் உப்பு வந்துசேரும் காலம் நீளும். உப்பு வாராது என்பதில்லை.

தெரிந்து தெளிவோம்

உலோகங்களின் அரிமானத்தை ஆராயும் நிறுவனங்களுள் குறிப்பிடத்தக்கது காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம். வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்து இந்நிறுவனம் தமிழ் மண்ணில் அமைய வழிவகுத்தார். 1948ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்ற இவ்வாய்வகம் 1953ஆம் ஆண்டு நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பெற்றது.

படகிலிருந்து உத்தரத்திற்கு

துருப்பிடிக்காத பொருளைத் தேடி மீனவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மரத்தாலான கட்டுமரங்களின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்ட ஃபைபர் படகு அப்பொருளால் ஆனதே. கண்ணாடியை மெல்லிய இழைகளாக நூற்று, அவற்றைப் பிசினில் தோய்த்து, அச்சின்மேல் அடுக்கடுக்காகப் படியவைத்து அப்படகைச் செய்கின்றனர். இழை வலிமையைத் தருகிறது. பிசின் இழைகளை ஒன்றாகப் பிணைத்துச் சுமையை அவற்றிற்குப் பகிர்ந்தளிக்கிறது. இத்தகைய கலப்புப்பொருளே இழைவலுவூட்டிய பலபடி எனப்படுகிறது.

இவ்வமைப்பை இயற்கை நெடுங்காலமாகவே கையாண்டு வருகிறது. தென்னையின் அடிமரத்தை வெட்டிப் பார்த்தால் மென்மையான சோற்றுப்பகுதிக்குள் உறுதியான நார்க்கற்றைகள் பதிந்திருப்பதைக் காணலாம். அவை நடுவில் நெகிழவும் ஓரத்தில் நெருங்கியும் அமைந்துள்ளன. வளையும் ஒரு தண்டில் மிகுதியான விசை எழுவது ஓரத்திலேயே. வலிமை எங்கே தேவையோ அங்கே நார்கள் செறிந்திருப்பதால் தென்னை காற்றுக்கு வளைந்து நிமிர்கிறது.

கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து, ஓர் அச்சுத்துளையின் வழியே இழுத்து, சூடேற்றி இறுக்கினால் நீண்ட கம்பி கிடைக்கிறது. கற்காரையோடு நன்கு பற்றிக்கொள்ளும்பொருட்டு அதன் மேற்பரப்பில் மணல் ஒட்டப்படும். அல்லது இழை சுற்றி வரிப்பள்ளம் உண்டாக்கப்படும். கண்ணாடியிழைக்கு மாற்றாகக் கரியிழை, அராமிடு இழை, பாறையிலிருந்து பெறும் பசால்ட் இழை ஆகியவற்றாலும் கம்பிகள் செய்யப்படுகின்றன. விலை குறைவு என்பதால் கண்ணாடியிழைக் கம்பியே மிகுதியாகப் பயன்படுகிறது.

இக்கம்பி துருப்பிடிக்காது. எடையும் குறைவு. 12 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.89 கிலோகிராம் எடையுள்ளது. அதே தடிமனுள்ள கண்ணாடியிழைக் கம்பியின் எடை அதில் நான்கில் ஒரு பங்கு அளவே. காந்தத்தால் ஈர்க்கப்படாமையால் காந்த ஒத்ததிர்வுப் படக்கருவி உள்ள மருத்துவமனை அறைகளுக்கும் இது ஏற்றது.

வலிமை வேறு, விறைப்பு வேறு

வலிமை என்பது அறுபடாமல் தாங்கும் திறன். விறைப்பு என்பது நீளாமல் நிற்கும் திறன். அன்றாடப் பேச்சில் இவ்விரண்டையும் உறுதி என்னும் ஒரே சொல்லால் குறிப்பிடுவதுண்டு. பொறியியலில் இவை தனித்தனிப் பண்புகள். இவ்வேறுபாடே இப்பாடத்தின் மையம்.

கட்டடங்களில் மிகுதியாகப் பயன்படும் எஃகுக் கம்பி 500 மெகாபாஸ்கல் தகைவில் நெகிழத் தொடங்குகிறது. கண்ணாடியிழைக் கம்பியோ பொதுவாக 600 முதல் 1000 மெகாபாஸ்கல் வரை தாங்கவல்லது. வலிமையில் இழைக்கம்பி எஃகிற்குக் குறைந்ததன்று. பல வேளைகளில் மேம்பட்டதும்கூட. ஆனால் விறைப்பை அளக்கும் யங் குணகம் எஃகிற்கு 200 ஜிகாபாஸ்கல். கண்ணாடியிழைக் கம்பிக்கு 40 முதல் 60 ஜிகாபாஸ்கல் அளவே.

இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள இரு கம்பிகளில் ஒன்று எஃகாலானது. மற்றொன்று 50 ஜிகாபாஸ்கல் யங் குணகமுள்ள கண்ணாடியிழையாலானது. இரண்டிலும் 200 மெகாபாஸ்கல் தகைவு உண்டாகும்படி இழுத்தால், எஃகுக் கம்பி 1 மி.மீ. நீளும், இழைக்கம்பி 4 மி.மீ. நீளும். இரண்டும் அறுபடவில்லை. எனினும் நான்கு மடங்கு நீண்ட கம்பியைச் சுற்றியுள்ள கற்காரை அந்நீட்சியைத் தாங்காமல் அகல வெடிக்கும்.

இரண்டாவது வேறுபாடு இன்னும் இன்றியமையாதது. எஃகுக் கம்பி நெகிழ்வுப் புள்ளியை அடைந்ததும் உடனே அறுந்துவிடுவதில்லை. தன் நீளத்தில் நூற்றுக்கு 12 பங்கோ அதற்கு மேலோ நீண்ட பின்னரே அறும். இழைக்கம்பிக்கு நெகிழ்வுப் புள்ளியே இல்லை. ஹூக் விதியின்படி தகைவும் திரிபும் இறுதிவரை ஒரே நேர்கோட்டில் உயர்கின்றன. நூற்றுக்கு ஒன்றரை அல்லது இரண்டு பங்கு நீண்டதும் கம்பி திடீரென அறுந்துவிடுகிறது.

சுமைதாங்கும் இரு உத்தரங்கள்

ஒரே அளவுள்ள இரு உத்தரங்களில், ஒன்றில் எஃகுக் கம்பியும் மற்றொன்றில் அதே தடிமனுள்ள கண்ணாடியிழைக் கம்பியும் இருப்பதாகக் கொள்வோம். ஆய்வகத்தில் அவற்றின்மீது சுமையைப் படிப்படியாக ஏற்றினால் நிகழ்வன வருமாறு.

முதற்கட்டத்தில் இரண்டும் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. கற்காரை இன்னும் வெடிக்கவில்லை. வளைவை எதிர்ப்பதில் பெரும்பங்கு அதனுடையதே. கம்பியின் தன்மை இன்னும் வெளிப்படவில்லை.

சுமை கூடியதும் இரு உத்தரங்களின் அடியிலும் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. வெடித்த இடத்தில் இழுவிசை முழுவதும் கம்பியிடம் சேர்கிறது. இங்குதான் இரண்டின் வழிகளும் பிரிகின்றன. எஃகுள்ள உத்தரத்தில் வெடிப்புகள் ஒடுங்கியே இருக்கின்றன. இழைக்கம்பி உள்ள உத்தரத்தில் வெடிப்புகள் அகன்று மேல்நோக்கி விரைந்து ஏறுகின்றன. நடுநிலை அச்சு உயர்ந்து, அமுக்கத்தைத் தாங்கும் கற்காரைப் பகுதி மெலிகிறது. வழக்கமான கம்பி அளவுகளுக்குக் கணக்கிட்டால், அதே சுமைக்கு இவ்வுத்தரத்தின் தொய்வு எஃகுள்ளதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. ஐந்து மீட்டர் நீளமுள்ள உத்தரம் 20 மி.மீ. அளவிற்கு மேல் தொய்தல் கூடாது என்பது இந்தியத் தரக்கோவை காட்டும் வரம்பு. வலிமை எஞ்சியிருக்கும்போதே இழைக்கம்பி உத்தரம் இவ்வரம்பை எட்டிவிடக்கூடும்.

மூன்றாம் கட்டத்தில் எஃகு நெகிழ்கிறது. சுமை அதிகம் கூடாமலே உத்தரம் மேலும் மேலும் தொய்கிறது. வெடிப்புகள் வாய் திறக்கின்றன. அருகிலிருப்போர் ஆபத்தை உணர்ந்து விலகக் காலம் கிடைக்கிறது. இழைக்கம்பி உத்தரமோ சுமைக்கேற்பத் தொய்ந்துகொண்டே நேர்கோட்டில் செல்கிறது. இடையில் சுமையை நீக்கினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு மீள்கிறது. நீக்காவிட்டால் நெகிழ்வுக் கட்டம் ஏதுமின்றி இறுதியை அடைகிறது.

எந்த முறிவு நல்ல முறிவு?

முறிவில் நல்லது தீயது உண்டா எனக் கேட்கலாம். பொறியியலில் உண்டு. முன்னறிவித்து முறிவது நல்ல முறிவு. அறிவியாமல் முறிவது தீய முறிவு. எஃகுள்ள உத்தரத்தில் கற்காரை நொறுங்குமுன் கம்பி நெகிழ வேண்டும் என்பதே பொறியாளர் கற்ற முதற்பாடம். அதனால் தேவைக்கு மேல் கம்பி வைத்தல் ஆகாது என்பர்.

இழைக்கம்பிக்கு அப்பாடம் தலைகீழாகிறது. இங்குக் கம்பி நெகிழாது, அறும். அறுந்தால் உத்தரம் நொடியில் வீழும். கற்காரை நொறுங்குதலும் விரும்பத்தக்கதன்று. எனினும் அது கம்பி அறுதலைப் போல அத்துணைத் திடீரென நிகழ்வதில்லை. ஆகவே கம்பியைச் சற்று மிகுதியாக வைத்து, மேற்பகுதிக் கற்காரை முதலில் நொறுங்கும்படி வடிவமைக்கின்றனர். ஒரு பொருளுக்குப் பிழையாகக் கருதப்பட்டது மற்றொரு பொருளுக்கு முறையாகிறது.

இவ்வேறுபாட்டை வடிவமைப்பு நெறிகள் எண்களாலும் உணர்த்துகின்றன. அமெரிக்கக் கற்காரைக் கழகத்தின் நெறிகளின்படி, எஃகு நன்கு நெகிழும் உத்தரத்தின் கணக்கிட்ட வளைவு வலிமையில் நூற்றுக்கு 90 பங்கை நம்பலாம். இழைக்கம்பி உள்ள உத்தரத்திற்கு அக்கழகம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியின்படி, கற்காரை நொறுங்கி முறிவதாயின் 65 பங்கையும், கம்பி அறுந்து முறிவதாயின் 55 பங்கையுமே நம்ப வேண்டும். எச்சரிக்கை குறைந்த இடத்தில் கையிருப்பு கூடுதலாக வேண்டும் என்பது இதன் கருத்து.

இழைக்கம்பி உத்தரத்திற்கு வேறொரு வகையில் எச்சரிக்கை உண்டு. அது முறிவதற்கு நெடுமுன்னரே மிகுதியாகத் தொய்ந்து, வெடிப்புகளை அகலத் திறந்து காட்டிவிடுகிறது. அன்றாடப் பயன்பாட்டில் குறையாகத் தோன்றும் அதே தொய்வு, ஆபத்துக் காலத்தில் அறிவிப்பாகிறது. தொய்வை அளவோடு நிறுத்த உத்தரத்தின் ஆழத்தைக் கூட்டுதல் நல்ல வழி. துருவுக்கு இடமில்லை என்பதால் வெடிப்பின் அகலத்திற்கு எஃகைவிடச் சற்றுத் தளர்வான வரம்பு இதற்கு அளிக்கப்படுகிறது. எஃகிற்கு 0.3 மி.மீ. என்னும் பொது வரம்பு, இழைக்கம்பிக்கு வெளிப்புறங்களில் 0.5 மி.மீ. வரை நீள்கிறது.

பிற வரம்புகள்

இழைக்கம்பியைக் கையாள்வோர் மேலும் சில பண்புகளை மனத்திற்கொள்ள வேண்டும்.

நீடித்த சுமை: கண்ணாடியிழைக் கம்பி ஒரு நாள் தாங்கும் சுமையைப் பல ஆண்டுகள் தாங்குவதில்லை. ஓயாத இழுவையில் அதன் இழைகள் மெல்லத் தளர்ந்து அறுகின்றன. எனவே எந்நேரமும் நீடிக்கும் சுமையால் எழும் தகைவு, கம்பியின் வடிவமைப்பு வலிமையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது மேற்கூறிய வழிகாட்டியின் வரையறை.

காரம்: எஃகைக் காக்கும் கற்காரையின் காரத்தன்மையே கண்ணாடியைத் தாக்கவல்லது. இழையைச் சூழ்ந்துள்ள பிசினே அதற்கு அரண். படகுகளுக்கு வழக்கமாகப் பயன்படும் பாலியெஸ்டர் பிசின் காரத்தில் சிதையும். எனவே கம்பிகளுக்கு வினைல் எஸ்டர் பிசினைத் தெரிந்தெடுக்கின்றனர். ஃபைபர் படகும் ஃபைபர் கம்பியும் பெயரால் ஒன்றாயினும் பிசினால் வேறானவை.

வளைத்தல்: எஃகுக் கம்பியை வேலையிடத்திலேயே கம்பி கட்டுவோர் வளைத்துக்கொள்வர். இறுகிய பிசினுள்ள இழைக்கம்பியை அவ்வாறு வளைக்க இயலாது. வேண்டிய வளைவுகளைத் தொழிற்சாலையிலேயே செய்து வருவிக்க வேண்டும். வளைவிடத்தில் வலிமையும் குறையும். உத்தரத்தைச் சாய்வாகப் பிளக்கும் விசையைத் தாங்க இடப்படும் வளையங்களை வடிவமைக்கும்போது இது முதன்மையாகக் கருதத்தக்கது.

தீ: வெப்பம் 100 செல்சியசு பாகையை ஒட்டி உயரும்போதே பிசின் இளகிக் கம்பிக்கும் கற்காரைக்கும் உள்ள பிணைப்புத் தளரத் தொடங்குகிறது. ஆகவே தீப்பற்றும் வாய்ப்புள்ள குடியிருப்புத் தளங்களைவிடத் திறந்தவெளிப் பாலங்களுக்கும் துறைமேடைகளுக்கும் இது பொருத்தமானது.

நிலநடுக்கம்: நிலம் அதிரும்போது எஃகு நெகிழ்ந்து ஆற்றலை உள்வாங்குகிறது. நெகிழாத இழைக்கம்பியிடம் அத்திறன் குறைவு.

மற்றொரு மீன்துறை தரும் சான்று

துருப்பிடிக்காது என்பது சரி. காரத்திற்கும் உப்பிற்கும் இடையே இக்கம்பி உண்மையில் எத்துணைக் காலம் நிலைக்கும் என்னும் ஐயம் எழுவது இயல்பு. இதற்கு விடைதேட உதவிய இடங்களுள் ஒன்று, தேங்காய்த்திட்டைப் போன்றே மீனவர் வாழும் ஓர் ஊர். கனடாவின் நோவா ஸ்கோசியா மாநிலத்தில், உலகின் மிக உயர்ந்த ஓதங்கள் எழும் ஃபண்டி விரிகுடாவின் கரையில் உள்ளது ஹால்ஸ் ஹார்பர். அங்குள்ள பழைய துறைமேடை பழுதுற்றபோது, 1999ஆம் ஆண்டு கண்ணாடியிழைக் கம்பிகளைக் கொண்டு அதனைப் புதுப்பித்தனர்.

சில ஆண்டுகள் கழிந்தபின் அத்துறைமேடையிலிருந்தும், கனடாவில் இதே வகைக் கம்பியால் அமைந்த வேறு நான்கு கட்டுமானங்களிலிருந்தும் கற்காரைத் துண்டுகளைக் குடைந்தெடுத்து ஆராய்ந்தனர். அவை ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை பயன்பாட்டில் இருந்தவை. மின்னணு நுண்ணோக்கியில் நோக்கியபோது கண்ணாடி இழைகள் சிதையாமல் இருந்தமை தெரியவந்தது. ஆய்வகத்தில் சூடான காரக் கரைசலில் கம்பியை அமிழ்த்திச் செய்த சோதனைகள் காட்டிய அழிவு, களத்தில் காணப்படவில்லை. இது நம்பிக்கை தரும் சான்று. ஆயினும் துறைமேடையிடம் எதிர்பார்க்கப்படும் வாழ்நாளோடு ஒப்பிட எட்டு ஆண்டுகள் சிறியதே. ஆதலால் வடிவமைப்பு நெறிகள் சூழலுக்கேற்பக் கம்பியின் வலிமையைக் குறைத்தே கணக்கிடச் சொல்கின்றன. மேற்கூறிய 2006ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, மண்ணிற்கும் மழைக்கும் வெளிப்படும் கண்ணாடியிழைக் கம்பியின் வலிமையில் நூற்றுக்கு 70 பங்கே கணக்கில் கொள்ளப்பட்டது.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் மெக்கின்லிவில் பாலத்தளத்தில் 1996ஆம் ஆண்டே இக்கம்பிகள் இடப்பட்டன. இந்தியாவில் சாலைப் பணிகளுக்கான வழிகாட்டியை இந்தியச் சாலைப் பேரவையும், கண்ணாடியிழைக் கம்பிக்கான தரவரையறையை ஐ.எஸ். 18256 என்னும் எண்ணில் 2023ஆம் ஆண்டு இந்தியத் தர நிறுவனமும் வெளியிட்டுள்ளன. தரம் வரையறுக்கப்பட்ட பின்னரே ஒரு புதுப்பொருள் பொதுப்பணிகளுக்கு நம்பிக்கையோடு வந்து சேரும்.

இடமறிந்து பொருள் தெரிதல்

எஃகு தீயது, இழை நல்லது என முடிவுகட்டுதல் பொருந்தாது. அலை தொடும் துறைமேடைத் தளம், உப்புநீர் தெறிக்கும் நடைபாலம், கடலரிப்பைத் தடுக்கும் சுவர் ஆகியவற்றில் துருவே முதற்பகை. அங்கு இழைக்கம்பி தன் பயனை முழுமையாகக் காட்டும். கடலினின்றும் விலகிய வீட்டின் தூணுக்கு, நெகிழ்ந்து தாங்கும் எஃகே இன்றும் ஏற்றது.

மாற்றுப்பொருளைக் கையாளும் பொறியாளர் கம்பியை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கணக்கை அப்படியே வைத்திருத்தல் ஆகாது. உத்தரத்தின் ஆழம், கம்பியின் அளவு, வெடிப்பின் வரம்பு, முறியும் முறை என அனைத்தையும் புதிதாகச் சிந்திக்க வேண்டும். புதுப்பொருளின் சிறப்பை அறிதல் பாதி அறிவு. அதன் வரம்பையும் சேர்த்து அறிவதே முழு அறிவு. அவ்வறிவோடு கட்டப்படும் துறைமேடையே, தேங்காய்த்திட்டு போன்ற ஊர்களில் விடியுமுன் கடலுக்குச் செல்வோர் திரும்பி வந்து காலூன்றும் உறுதியான தளமாக நெடுங்காலம் நிற்கும்.

கலைச்சொற்கள்

அரிமானம் – சூழலின் வேதிவினையால் உலோகம் சிதைதல்
தகைவு – ஓரலகு பரப்பில் செயல்படும் விசை
திரிபு – நீட்சிக்கும் மூல நீளத்திற்கும் உள்ள விகிதம்
பலபடி – சிறு மூலக்கூறுகள் பல இணைந்து உருவான பெரு மூலக்கூறு
நடுநிலை அச்சு – வளையும் உத்தரத்தில் அமுக்கமும் இழுவையும் அற்ற எல்லை
தொய்வு – சுமையால் உத்தரம் கீழ்நோக்கி இறங்கும் அளவு

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரியும் கட்டடம் ஒன்றைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து கண்டு, சேதத்திற்கான காரணங்களைக் குறிப்பாக எழுதுக.
2. ஒரே நீளமுள்ள ரப்பர் பட்டையிலும் பருத்தி நூலிலும் ஒரே எடையைத் தொங்கவிட்டு, வலிமைக்கும் விறைப்பிற்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் விளக்குக.
3. கொத்தனார், கம்பி கட்டுவோர், படகு செய்வோர் ஆகியோர் வழங்கும் தொழிற்சொற்களைத் திரட்டி அகரவரிசைப்படுத்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. கண்ணாடியிழைக் கம்பியின் யங் குணகம் எஃகினதைவிடக் குறைவாக இருப்பதால் உத்தரத்தில் மிகுவது
அ) எடை ஆ) தொய்வு இ) துரு ஈ) காரத்தன்மை

2. இழைக்கம்பி உள்ள உத்தரம் எவ்வாறு முறியும்படி வடிவமைக்கப்படுகிறது?
அ) கம்பி முதலில் அறும்படி ஆ) கம்பி முதலில் நெகிழும்படி இ) கற்காரை முதலில் நொறுங்கும்படி ஈ) வளையங்கள் முதலில் விலகும்படி

குறுவினா

1. துரு கற்காரையைப் பிளப்பது எவ்வாறு?
2. படகிற்கும் கம்பிக்கும் வெவ்வேறு பிசின்கள் பயன்படுவதன் காரணம் யாது?

சிறுவினா

1. வலிமை, விறைப்பு ஆகியவற்றின் வேறுபாட்டைச் சான்றுடன் விளக்குக.
2. ஹால்ஸ் ஹார்பர் ஆய்வு உணர்த்தும் செய்தியையும் அதன் வரம்பையும் எழுதுக.

நெடுவினா

1. எஃகுக் கம்பி, கண்ணாடியிழைக் கம்பி ஆகியவற்றைக் கொண்ட இரு உத்தரங்கள் சுமையேற்றத்தின்போது நடந்துகொள்ளும் முறைகளை ஒப்பிட்டு, கடலோரக் கட்டுமானங்களுக்கு ஏற்றதைத் தெரிவுசெய்யும் நெறியைக் கட்டுரைக்க.